‘ரோபோட்’: இயந்திர மனிதன் அல்ல, ஏவலாள்

டர்பனில் வழி கேட்பவருக்கு ‘அடுத்த ரோபோட்டில் இடப்பக்கம் திரும்புங்கள்’ என்றுதான் சொல்கிறோம். சாலைச் சந்திப்பில் நிற்கும் சைகை விளக்குக்குத் தென்னாப்பிரிக்காவில் வழங்கும் பெயர் அது. அண்மையில் ஒரு தமிழ் வகுப்பின் பயிற்சித்தாளில் இதை ‘இயந்திர மனிதன் அருகே திரும்பு’ என்று பெயர்த்திருந்தார்கள். இப்பிழையை நான் காண்பது முதன்முறை அன்று.

செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தின் வழியே இச்சொல் உலகெங்கும் பரவியது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்யக் கட்டுப்பட்ட வேலைக்குச் செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ என்னும் கூலியில்லாக் கட்டாய வேலை இதற்கு நெருங்கியது.

ஆகவே இச்சொல்லின் உயிர் உழைப்பில் இருக்கிறது. ‘இயந்திர மனிதன்’ என்போர் அதைக் கைவிட்டு, இரும்பையும் மனித உருவையும் பிடித்துக்கொள்கிறார்கள். சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. செயற்கை உயிர்ப்பொருளைப் பிசைந்து ஆக்கிய உடல்கள். நாடகத்தில் ரோபோக்களை ஆக்கும் தொழிற்சாலைக்கு வரும் ஹெலனா, சுல்லா என்னும் பெண் ரோபோவை மனிதப் பெண் என்றே நம்பி, இல்லையென்று சொன்னாலும் ஏற்க மறுக்கிறாள். ‘இயந்திர மனிதன்’ என்று பெயர்த்தால் இக்காட்சிக்கே பொருள் இல்லாமல் போகிறது. நம் சாலை விளக்குக்கோ கையும் இல்லை, காலும் இல்லை. சந்திப்பில் கைகாட்டி நின்ற காவலரின் வேலையை அது ஏற்றுக்கொண்டதால்தான் அப்பெயர் பெற்றது. நாடகத்தில் இயந்திரம் இல்லை, சாலையில் மனிதன் இல்லை. இரண்டு இடத்திலும் பொய்க்கும் சொல்லை எதற்காகச் சுமக்கிறோம்?

‘எந்திரன்’ ஒலிக்க இனிது. ஆனால் அதுவும் இரும்பையே காட்டுகிறது. ‘தானியங்கி’ தானே திறக்கும் கதவுக்கும் பொருந்துவதால் எதையும் வரையறுப்பதில்லை.

சாப்பெக் அறிவியல் புனைவை எழுதியது கருவிகளை வியப்பதற்காக அன்று. நாடகத்தில் ரோபோக்கள் மனிதரை எதிர்த்துக் கிளர்ந்தெழுகின்றன. 1936இல் வந்த அவருடைய நாவலிலும் மனிதர் பல்லியை ஒத்த கடல்வாழ் உயிர்களைப் பிடித்து வேலை வாங்குகிறார்கள், அவை ஒருநாள் எதிர்த்தெழுகின்றன. 1860 முதல் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்னையிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் நாம். ஒப்பந்தம் வேறு, வெட்டி வேறு என்பதை அறிவேன். ஆயினும் உழைப்பைக் குறிக்கப் பிறந்த சொல்லிலிருந்து உழைப்பை நாமே துடைத்தெடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சாலையில் நிற்பதைச் ‘சைகை விளக்கு’ என்றும், தொழிற்சாலையில் உலோகத்தைப் பற்றவைக்கும் கருவியை ‘ரோபோ’ என்றும் எழுதலாம். சாப்பெக்கின் நாடகத்தைத் தமிழாக்குவோர் ‘ஏவலாள்’ என்றே எழுத வேண்டும். ஏவலாள் எதிர்த்தால் அது கிளர்ச்சி. இயந்திரம் எதிர்த்தால் படிப்பவர் அதைப் பழுது என்றே எண்ணுவார்.