பெட்டி ஏன் ஆடவில்லை?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "என் அப்பப்பா கொழும்புத் துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். அவர் இறக்கும் கொள்கலன் மட்டும் ஆடாமல் வந்து உட்காரும் என்று கூட வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது கைராசியா?"

கைராசி இல்லை, ஊசல். பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஊசல்தான். ஒரு முறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது, தொங்கும் பாரத்தைப் பொறுத்ததல்ல. 20 மீற்றர் கம்பிக் கயிறு என்றால் ஏறத்தாழ 9 செக்கன். 40 அடி வெறும் பெட்டி 4 தொன் அளவில் இருக்கும், சாமான் ஏற்றினால் 30 தொன்னுக்கும் போகும், இரண்டுக்கும் அதே 9 செக்கன்.

கப்பலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிரேனின் கையில் ட்ரொலி என்ற சில்லு வைத்த வண்டி ஓடுகிறது. பெட்டி தொங்குவது அதிலிருந்துதான், ஓப்பரேட்டரின் கூண்டும் அதோடு சேர்ந்தே ஓடுகிறது, அவர் காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பெட்டியைப் பார்த்தபடியே போகிறார். ட்ரொலி சட்டென்று கிளம்பினால் பெட்டி பின்தங்கும், அப்புறம் முந்தும், அப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் போக வேண்டும் என்று வையுங்கள். நேரே 2-க்குப் போகாமல் முதலில் 1-க்கு மட்டும் போகிறார். பெட்டி இன்னும் கிளம்பாததால், கூண்டிலிருந்து பார்க்க அது 1 மீற்றர் வேகத்தில் பின்னால் போவதுபோல இருக்கும். பாதி ஊசல் நேரம், அதாவது 4.5 செக்கன் கழிந்ததும் அதே பெட்டி ட்ரொலிக்கு நேர் கீழே வந்துவிடும், ஆனால் இந்த முறை கூண்டைவிட 1 மீற்றர் கூடுதல் வேகத்தில் முன்னால் போகிறது. தரையில் நிற்பவருக்கு அதன் வேகம் 2. சரியாக அந்தக் கணத்தில் ட்ரொலியையும் 2-க்கு ஏற்றினால்? இரண்டுக்கும் ஒரே வேகம், பெட்டி நேர் கீழே, ஆட்டம் பூச்சியம்! முதல் உதறலில் பிறந்த ஆட்டத்தை இரண்டாவது உதறல் தின்றுவிட்டது. நிறுத்தும்போதும் இதுவேதான், 2-இலிருந்து 1, 4.5 செக்கன் பொறுமை, பிறகு 0. மோட்டார் ஒரே கணத்தில் வேகம் மாற்றாது என்பதால் நிஜத்தில் விளிம்புகள் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான்.

1957-இல் ஒட்டோ ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கணக்காக எழுதி 'பொசிகாஸ்ட்' என்று பெயர் வைத்தார். அந்தச் சமன்பாட்டைக் கண்ணாலும் காணாத ஓப்பரேட்டர்கள் பழக்கத்தாலேயே இதற்குக் கிட்டப் போய்விடுகிறார்கள். அதுவும் சும்மா இல்லை. ட்ரொலி ஓடும்போதே பெட்டியை உயர்த்துவதால் கயிறு குறைகிறது. 20 மீற்றர் 10 ஆனால் 9 செக்கன் 6 சொச்சமாகிவிடும். வெறும் பெட்டியைக் கடற்காற்று வேறு தள்ளும். கண் பார்த்துக் கை அசைய ஐந்தில் ஒரு செக்கன் அளவு பிந்தும் என்பதால், பெட்டி அடுத்து எங்கே இருக்கும் என்று மூளை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். சிறுமூளைக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஒவ்வொரு தவறிலும் அது ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. கூண்டில் தேசிக்காய் கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் இத்தனை வருடத் திருத்தங்களுக்கான பாராட்டைத் தேசிக்காய்க்குக் கொடுத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. கை செய்வதைப் பதிந்தால்தான் உண்டு. ஆராய்ச்சிக்கு இந்த நாடு செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அரை வீதம்கூட இல்லை, சரி, ஆனால் இதற்கு அதிகம் வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர், பயிற்சிக்கு வைத்திருக்கும் போலிக்கூண்டு ஒன்று, ஓய்வுபெற்ற ஓப்பரேட்டர்களுக்குத் தேத்தண்ணியும் மாலுபாணும்.