பழைய ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஷோ வெர்ஷன் கேளுங்கள்

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் பரீட்சையான சிசிஎன்ஏவுக்குப் படிப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். வீட்டில் லேப் போடப் பழைய சிஸ்கோ ரவுட்டர் வாங்குவதை நானே ஊக்குவிப்பேன். ஆனால் மறுபடியும் ஒரு மாணவர் 2500 வரிசைப் பெட்டிகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 'சிசிஎன்ஏ கிட்' என்று போட்டு விற்றார்களாம். அதில் சாதாரண ஈதர்நெட் கேபிளைச் செருகவே இடமில்லை. இருப்பது ஏயூஐ என்கிற பழைய வகை போர்ட், அதில் ஈதர்நெட் கேபிளைச் சேர்க்கத் தனியாக டிரான்ஸீவர் என்கிற மாற்றியைத் தேட வேண்டும், தேடி மாட்டினாலும் 10 எம்பிபிஎஸ்தான், பல விஎல்ஏஎன்களை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளை) ஒரே கேபிளில் அனுப்பும் டிரங்க் போட்டு அவற்றுக்கு இடையே ரவுட் செய்து பழகவும் ஆகாது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 200-301 என்ற சிசிஎன்ஏ பரீட்சைக்குத் தொண்ணூறுகளின் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, அது பழைய மாடல் என்று தெரியாமல் வாங்கியது. என்னை அதைவிட எரிச்சல்படுத்துவது, விவரம் தெரிந்தவர்களே சொல்லும் ஒரு பேச்சு: "மாடல் நல்ல மாடல் சார், ஐஓஎஸ்ஸை அப்புறம் ஏற்றிக்கலாம்." ஐஓஎஸ் என்பது ரவுட்டரை இயக்கும் சிஸ்கோவின் மென்பொருள், ஐபோனில் இருப்பது அல்ல. அதை எங்கிருந்து ஏற்றுவீர்கள்? சிஸ்கோ தளத்தில் ஐஓஎஸ் இமேஜை, அதாவது அந்த மென்பொருள் கோப்பை, இறக்க சர்வீஸ் கான்ட்ராக்ட் வேண்டும். பழைய பெட்டி வாங்கியவரிடம் அது இருக்காது. எங்கோ யாரோ போட்டு வைத்ததை எடுத்து ஏற்றினால் உரிமச் சிக்கல் ஒருபுறம், அதற்குள் என்ன கைவைத்திருக்கிறார்கள் என்று தெரியாத ஆபத்து இன்னொருபுறம். அப்படியே ஒழுங்கான இமேஜ் ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும், இடம் வேண்டாமா? இமேஜைச் சேமிக்கும் பிளாஷ் மெமரி 32 எம்பி மட்டும் உள்ள 1841 மாடலில் பெரிய இமேஜ்கள் அடங்காது. ஆகவே நீங்கள் காசு கொடுப்பது பெட்டிக்கு என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் மெமரிக்கும்தான் கொடுக்கிறீர்கள். ஒரே 1841, ஒன்றில் ஐஓஎஸ் 12.4இன் அடிப்படைத் தொகுப்பான ஐபி பேஸ், இன்னொன்றில் அதே 12.4இன் கூடுதல் வசதிகள் உள்ள அட்வான்ஸ்டு ஐபி சர்வீசஸ். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் புதிய தலைமுறை இணைய முகவரி முறையான ஐபிவி6 கிடையாது. இமேஜ் பெயரில் கே9 இல்லையென்றால் தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் கிடையாது. பாடத்திட்டத்தில் இரண்டும் இருக்கின்றன.

அதனால் விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், ரவுட்டரில் ஷோ வெர்ஷன் என்ற கமாண்டைக் கொடுத்தால் வரும் வெளியீட்டைக் கேளுங்கள். அதில் சிஸ்டம் இமேஜ் வரியில் இமேஜின் முழுப்பெயர் இருக்கும். மெமரி வரியில் 114688கே/16384கே என்கிற மாதிரி இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் கூட்டினால்தான் மொத்த ரேம். இந்தக் கணக்கில் 128 எம்பி. கடைசி வரியில், பெட்டி எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் 2102 என்று முடிய வேண்டும். 2142 என்று இருந்தால் யாரோ பாஸ்வேர்டைத் தாண்டிவிட்டு மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நிலையில் பெட்டி சேமித்த அமைப்புகளைப் படிக்காமலே பூட் ஆகும், அதனால் நீங்கள் சேமித்ததெல்லாம் ரீலோடுக்குப் (மறுதொடக்கத்துக்குப்) பிறகு காணாமல் போன மாதிரி இருக்கும். ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும், பெட்டியில் பழுது இல்லை. பிளாஷில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஷோ பிளாஷ் வெளியீட்டையும் கூடவே கேளுங்கள். 1841, 2811 இரண்டிலும் காம்பாக்ட் பிளாஷ் கார்டு வெளியே உருவி எடுக்கும்படி இருப்பதால், அதை உருவிக்கொண்டு பெட்டியை மட்டும் அனுப்பும் ஆட்கள் உண்டு.

எதை வாங்கலாம்? கை இறுக்கம் என்றால் 1841 போதும், இரண்டு ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட் இருக்கிறது, மேஜை மேல் வைக்கலாம். 2811 வேலை செய்யும், ஆனால் ஃபேன் சத்தம் இருக்கிறதே, படுக்கையறையில் வைத்துப் படிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 1941 அல்லது 2901. கிகாபிட் போர்ட், ஐஓஎஸ் 15, ஐபி பேஸ் உரிமத்திலேயே ஐபிவி6 வந்துவிடும். வீட்டு வைஃபை ரவுட்டரில் பழகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: முடியாது, அதில் அந்தக் கமாண்டுகளே இல்லை.

ஐந்தாறு பெட்டி அடுக்க வேண்டியதும் இல்லை. மூன்று ரவுட்டர் இருந்தால் ரவுட்டர்கள் தாமே பாதை கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் முறையில் ஒரு பாதையை அறுத்துவிட்டு, போக்குவரத்து இன்னொன்றுக்கு மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கூட ஒரு 2960 சுவிட்ச். மீதியைச் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் என்ற சிமுலேட்டரில் இலவசமாகச் செய்யுங்கள். சீரியல் கார்டும் கேபிளும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். விக்-1டி என்ற சீரியல் கார்டின் கேபிள் விக்-2டி கார்டில் மாட்டாது, அந்தப் பக்கமே போக வேண்டாம், சீரியல் இணைப்பில் பழகும் ஃப்ரேம் ரிலேயும் பிபிபியும் இப்போதைய பாடத்தில் இல்லை. அந்தக் காசில் ரவுட்டரைக் கணினியோடு இணைத்துக் கமாண்டு கொடுக்கக் கன்சோல் கேபிளும் ஒரு நல்ல யுஎஸ்பி சீரியல் அடாப்டரும் வாங்குங்கள்.

"பாஸ்வேர்டு தெரியாது, அதனால் சோதிக்கவில்லை" என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி வாங்கவும் வேண்டாம், பாஸ்வேர்டுக்குப் பயப்படவும் வேண்டாம். பூட் ஆகும்போது இடைமறித்தால் வரும் ராம்மான் நிலைக்குப் போய் ரெஜிஸ்டரை மாற்றுவது சில நிமிட வேலை. சோதிக்கவில்லை என்பதுதான் சிக்கல். பூட் ஆவதைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பழைய பெட்டிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வருடக்கணக்காகிறது, அதை இன்டர்நெட் வாசலில் வைக்காதீர்கள், லேப்புக்குள்ளேயே இருக்கட்டும். ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் வாங்கிப் பார்த்த பழைய ரவுட்டர்களில் பாதிக்கு மேல் முந்தைய நிறுவனத்தின் கான்ஃபிக் (நெட்வொர்க் அமைப்பு விவரங்கள்) அப்படியே இருந்தது. உங்கள் கையில் அப்படி ஒன்று வந்தால் படித்துக்கொண்டு உட்காராதீர்கள், அதை அழிக்கும் ரைட் இரேஸ் கமாண்டைக் கொடுத்து ரீலோடு செய்யுங்கள். படித்து முடித்து நீங்கள் விற்கும்போதும் அதையே செய்யுங்கள். சுவிட்ச் என்றால் பிளாஷில் இருக்கும் விஎல்ஏஎன் கோப்பையும் தனியாக அழிக்க வேண்டும், ரைட் இரேஸ் அதைத் தொடாது.