அஞ்சலி ஆல்பமா? ஆள் உயிரோடு இருந்தாரே!

இணைய வானொலி ஒன்றில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஆல்பத்தைப் பற்றிப் பேசினார்கள். ‘ப்ளூஸ்’ என்ற கறுப்பின மக்களின் சோக இசைக்குத் தந்தை எனப்படும் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டியின் பாடல்களாகவே எடுத்து ஆம்ஸ்ட்ராங் வாசித்துப் பாடியது, கொலம்பியா இசைத்தட்டு நிறுவன வெளியீடு. “ஹாண்டிக்கு ஆம்ஸ்ட்ராங் செலுத்திய இசை அஞ்சலி” என்றார் அறிவிப்பாளர். இந்த ஆல்பத்துக்கே ‘அஞ்சலி’ என்ற சொல்லை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ஐயா, 1954 ஜூலையில் சிகாகோவில் அது பதிவானபோது ஹாண்டிக்கு 80 வயது. 1958இல்தான் காலமானார். பதிவை அவரே கேட்டு மகிழ்ந்தார்.

ஆங்கிலத்தில் ‘டிரிபியூட்’ என்பதைத்தான் இப்படி அஞ்சலி என்று பெயர்க்கிறார்கள். அது லத்தீன் வழி வந்த சொல். தோற்ற அரசன் வென்றவனுக்குக் கட்டியது. நம் புறநானூற்றுக் காலத்துச் சொல்லில் திறை. பிறகு, மனமுவந்து செய்யும் மரியாதைக்கும் அதுவே பெயராயிற்று.

அஞ்சலி என்றால் கைகூப்புதல்தானே, என்ன தவறு என்பார்கள். அகராதிப்படி தவறில்லை. ஆனால் தெருமுனைக்கு வந்து பாருங்கள். மாலை போட்ட படம், தோற்றம், மறைவு, அடியில் ‘கண்ணீர் அஞ்சலி’. அந்தச் சுவரொட்டிகளுக்குப் பிறகு அஞ்சலியை உயிரோடிருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. சரி, வடசொல் வேண்டாம், ‘புகழ்வணக்கம்’ என்போம் என்று தனித்தமிழ் அன்பர்கள் கிளம்புகிறார்கள். சொல் தமிழாயிற்று, ஆள் இன்னும் பாடையிலேயே கிடக்கிறார். புகழ்வணக்கமும் வீரவணக்கமும் இரங்கல் கூட்டத்து மேடைச் சொற்கள். ‘நினைவிசை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இருப்பவரை எதற்கு நினைவுகூர்வது? எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே!

அந்த ஆல்பத்தில் இழவு வீட்டு வாடையே கிடையாது. முதல் பாட்டு, ஹாண்டி 1914இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. மாலைச் சூரியன் இறங்குவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று, தன் ஆளை இன்னொருத்தியிடம் பறிகொடுத்த பெண் புலம்பும் பாட்டு. ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டும் வெல்மா மிடில்டன் குரலும் அதைக் கிட்டத்தட்ட 9 நிமிடம் கொண்டாடித் தீர்க்கின்றன. நடுவில் ஆம்ஸ்ட்ராங்கின் கேலி வேறு. இதையா அஞ்சலி என்பது?

என் சொல் காணிக்கை. பெரியவரைக் காணப் போகிறவர் வெறுங்கையோடு போகாமல் கொண்டுபோய் வைப்பது. சாமிக்கு வைக்கிறோம், குருவுக்கு வைக்கிறோம். வாங்குகிறவர் செத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஹாண்டி அப்போது பார்வை இழந்தவர். காண முடியாதவருக்குக் காணிக்கையா என்று யாராவது வருவார்கள். காணப் போகிறவர் கொடுப்பவர்தான், வாங்குகிறவர் அல்ல.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவருக்கு அஞ்சலி எழுதுவதற்கு முன் அவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். 80ஆம் பிறந்தநாள் விழா அழைப்பிதழ் ஒன்றிலும் ‘இசையஞ்சலி’ என்று அச்சடித்திருந்தார்கள். விழா நாயகர் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைத்தான் விசிறிக்கொண்டிருந்தார்.