இங்கிலாந்தில் வாடகை வீடு, ஒழுகும் பாய்லர்: போனில் சொன்னதை நம்பி உட்காராதீர்கள்

கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாமில் ஒரு அக்கா வீடு. சமையலறை அலமாரிக்குள் பாய்லர் (வெந்நீருக்கும் அறைச் சூட்டுக்குமான காஸ் கருவி), அதற்கு நேர்கீழே இட்லிப் பானை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பானை நிரம்பிவிடும். இரவில் அலாரம் வைத்து எழுந்து கொட்டிக்கொண்டிருந்தார், ஐந்து வாரமாக. வீட்டுக்காரர் சார்பில் வீட்டைக் கவனிக்கும் ஏஜென்டிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "இருபது தடவையாவது போன் பண்ணியிருப்பேன் தம்பி" என்றார். எழுத்தில்? ஒன்றுகூட இல்லை. அவரோடு ஏஜென்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னது: இப்படி ஒரு புகார் வந்ததாகவே பதிவு இல்லை.

இதே கதையை வேறு வேறு வீடுகளில் பார்த்தாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

சட்டம் என்னவோ நான்கு வரிதான். 1985-ஆம் வருட லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் ஆக்ட், 11-ஆவது பிரிவு. தண்ணீர், காஸ், மின்சாரக் குழாய்களையும் இணைப்புகளையும், அறையைச் சூடாக்கும் கருவியையும் வெந்நீர்க் கருவியையும் பழுது பார்த்து ஓட வைப்பது வீட்டுக்காரர் வேலை, அவர் செலவு. ஏழு வருடத்துக்குக் குறைவான எல்லா வாடகைக்கும் பொருந்தும். நாம் யாரும் ஏழு வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீடு எடுப்பதில்லை.

"பாய்லர் ரிப்பேர் வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு" என்று அக்ரிமென்டில் ஒரு வரி இருக்கும், அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். பயப்பட வேண்டாம். அந்த வரி செல்லாது. 11-ஆவது பிரிவைக் கையெழுத்து வாங்கிக் கழற்றிவிட முடியாது. அக்ரிமென்டே இல்லை, மாதாமாதம் கையில் காசு கொடுக்கிறேன் என்றாலும் நீங்கள் வாடகைதாரர்தான். ஆனால் காசு கொடுத்ததற்கு அடையாளம் வேண்டும். அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கி வழியாக அனுப்புங்கள்.

சரி, தண்ணீர் சொட்டுகிறது. முதல் பத்து நிமிடம்.

காஸ் வாடை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் 0800 111 999-க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், இலவசம். அந்த அலாரம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் அதுவே தனிப் புகார்: காஸ் அடுப்பு தவிர, எரியும் கருவி நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும் எந்த அறையிலும் 2022 அக்டோபர் 1 முதல் வீட்டுக்காரர் அதை மாட்டியிருக்க வேண்டும்.

வெறும் தண்ணீர் என்றால், பாய்லருக்குப் போகும் மின்சார சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் நிற்காமல் கொட்டினால் மெயின் குழாயை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும். பெட்டியின் மூடியைக் கழற்றாதீர்கள். நீங்களும் கூடாது, "எனக்குத் தெரியும்" என்று வருகிற நண்பரும் கூடாது.

துடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். சொட்டுவதை ஒரு நிமிட வீடியோ, தரை நனைந்தது, பாய்லரின் அழுத்தமானி. அந்த முள் குளிர்ந்த நிலையில் சுமார் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரைக்குள் நிற்க வேண்டும். ஏஜென்ட் போனிலேயே "கீழே இருக்கும் வளையும் குழாயின் திருகைத் திறந்து பிரஷரை ஏற்றுங்கள்" என்பார். ஒருமுறை செய்யலாம், தப்பில்லை. மறுநாள் மறுபடி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஏற்றிக்கொண்டே இருப்பது ரிப்பேர் ஆகாது. அவசரத்தில் 3 பார் வரை ஏற்றிவிட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீர் கொட்டும். பிறகு "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். தினமும் காலையில் முள்ளை ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த அக்கா பிறகு அப்படித்தான் எடுத்தார்: ஆறு நாளில் ஆறு படம், ஒவ்வொன்றிலும் முள் கீழே. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

இனி முக்கியமான இடம். வீட்டுக்காரரின் பொறுப்பு, பழுது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. போனில் சொன்னாலும் சட்டப்படி அது சொன்னதுதான். ஆனால் சொன்னீர்கள் என்று காட்ட உங்கள் கையில் என்ன இருக்கிறது? ஆகவே மெயில். வாட்ஸ்அப் பரவாயில்லை, மெயில் நல்லது. போனில் பேசினாலும் வைத்த கையோடு "இன்று 11 மணிக்கு உங்களிடம் போனில் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மெயில். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலிருந்து ஒழுகுகிறது, வெந்நீர் வருகிறதா, ரேடியேட்டர் சூடாகிறதா, வீட்டில் கைக்குழந்தை, வயதானவர், ஆஸ்துமா உள்ளவர் யார் யார், படங்கள் இணைப்பு. கடைசியில், ஆள் அனுப்ப வசதியாக மூன்று நாளும் நேரமும்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "ஆள் அனுப்பினோம், கதவு திறக்கவில்லை" என்பது இவர்களுடைய பழைய பாட்டு. மூன்று தேதி கொடுத்த மெயில் கையில் இருந்தால் அது எடுபடாது.

ஏஜென்ட் ஆபீசுக்கு மட்டும் அனுப்பி நிறுத்த வேண்டாம். வீட்டுக்காரருக்கும் அனுப்புங்கள். அவர் பெயரும் முகவரியும் தெரியாதா? ஏஜென்டிடம் எழுதிக் கேளுங்கள். 21 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், காரணமில்லாமல் கொடுக்காவிட்டால் அது குற்றம். "டேட்டா புரொடெக்ஷன், தர மாட்டோம்" என்று ஒரு இடத்தில் என்னிடமே சொன்னார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லித் திரும்பக் கேட்டதும் மறுநாள் காலை வந்துவிட்டது.

பதிலில் என்னவெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"போன மாதம்தான் காஸ் சர்டிபிகேட் எடுத்தோம், எல்லாம் நன்றாக இருந்ததே." வருடத்துக்கு ஒருமுறை, காஸ் சேஃப் (காஸ் வேலை செய்பவர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவுள்ள ஆளை வைத்துச் சோதித்து, 28 நாளுக்குள் உங்களுக்கு நகல் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. புதிதாகக் குடிவருபவருக்கு, உள்ளே வருவதற்கு முன்னாலேயே. ஆனால் அது காஸ் பாதுகாப்புச் சோதனை. தண்ணீர் ஒழுகுகிறதா, வெந்நீர் வருகிறதா என்பதற்கான சான்றிதழ் இல்லை. சர்வீஸும் இல்லை.

"எங்களுக்கு 28 நாள் அவகாசம் உண்டு." கிடையாது. தனியார் வாடகையில் சட்டம் சொல்வது நியாயமான காலம் என்று மட்டும்தான். ஜனவரியில் வெந்நீரும் சூடும் இல்லாத வீட்டில் நியாயமான காலம் என்பது ஓரிரு நாள்தான் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. 28 என்ற எண் மேலே சொன்ன சர்டிபிகேட்டில் வருவது, அதை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

"பார்ட்ஸ் வரவில்லை." இது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அதுவரை மின்சார ஹீட்டர் கேளுங்கள், எழுத்தில். கரண்ட் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். கூடுதல் செலவைப் பின்னால் கேட்க அது வேண்டும்.

இப்போது சில பள்ளங்கள். தெரியாமல் விழுபவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்.

வாடகையை நிறுத்தாதீர்கள். கோபம் புரிகிறது, "பாய்லரைச் சரிசெய், அப்புறம் வாடகை" என்று சொல்ல யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் ஒழுகும் பாய்லர் உங்கள் வழக்கு, பாக்கி வாடகை அவர் வழக்கு. பாக்கி மூன்று மாத அளவுக்குப் போய்விட்டால், 2026 மே 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, நீதிபதி வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன்பு அது இரண்டு மாதமாக இருந்தது. நியாயமாகப் புகார் கொடுத்தவர் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டு வாடகையில் கழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முன்கூட்டி எழுதி எச்சரிப்பது, விலைப்புள்ளிகள் வாங்கி அனுப்புவது என்று போகும். பாய்லர் விஷயத்தில் அதைத் தொடாதீர்கள் என்பேன். கடைக்காரர் சொன்ன, ஐம்பது பவுண்டுக்கு வரும் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு எது கெட்டாலும் உங்கள் தலையில். வீட்டுக்காரர் அனுப்புகிற ஆளையும் பாருங்கள்: காஸ் சேஃப் அட்டை கேளுங்கள். முன்பக்கத்தில் படமும் காலாவதித் தேதியும் இருக்கும், பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும். பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்காரர் அதே வீட்டில் உங்களோடு சமையலறை, குளியலறை பகிர்ந்து வாழ்கிறாரா? நம் மாணவர்கள் பலர் இப்படித்தான் அறை எடுக்கிறார்கள். பெரும்பாலும் நீங்கள் லாட்ஜர், அந்த 11-ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காமல் போகலாம். வருடாந்தர காஸ் சோதனை மட்டும் உங்களுக்கும் உண்டு. உங்களை வெளியேற்றுவதும் எளிது. ஆகவே இங்கே சண்டைக்குப் போவதற்கு முன் வேறு அறை பார்த்து வைத்துக்கொள்வதுதான் புத்தி. கசப்பான ஆலோசனைதான்.

அறையை உங்களுக்கு விட்டவரே வாடகைக்கு இருப்பவர் என்றால், உங்கள் வீட்டுக்காரர் நீங்கள் பணம் கொடுக்கிற அவர்தான். "நானும் உங்களை மாதிரிதான் தம்பி" என்று அவர் கையை விரிக்க முடியாது.

டெபாசிட்: ஒழுகியதைச் சொல்லாமல் விட்டுத் தரை ஊறிப்போனால், காலி செய்யும்போது அந்தத் தரைக்கு உங்கள் பணத்தில் கை வைப்பார்கள். முதல் நாள் படமும் மெயிலும் இதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு வாரமாகியும் அசையவில்லை என்றால் கவுன்சில், அதாவது உங்கள் பகுதியின் உள்ளாட்சி. இங்கேதான் அலைச்சல். கவுன்சில் போனில் "ரிப்பேர்" என்ற சொல்லை உதிர்த்தால், கவுன்சில் வீடுகளைப் பழுது பார்க்கும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே உங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்து "உங்கள் வீடு எங்களுடையது இல்லை" என்று வைத்துவிடுவார்கள். மறுபடி கூப்பிட்டால் வீடற்றோர் பிரிவு. அந்த அக்காவோடு நான் அப்படி ஒரு மதியம் முழுக்க மூன்று வரிசையில் இசை கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டிய பெயர் "பிரைவேட் செக்டார் ஹவுசிங்" அல்லது "என்விரான்மென்டல் ஹெல்த்". சொல்ல வேண்டியது: தனியார் வாடகை, ஹீட்டிங் இல்லை, வெந்நீர் இல்லை, எக்செஸ் கோல்ட். வீட்டில் உள்ள ஆபத்துகளை மதிப்பிடும் பட்டியலில் கடுங்குளிர் ஒரு தனி இனம். அது முதல் வகை, அதாவது மிகக் கடுமையான, ஆபத்து என்று அதிகாரி முடிவுசெய்தால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், விருப்பம்போல் விட முடியாது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "வீட்டுக்காரருக்குச் சொன்னீர்களா, எங்கே காட்டுங்கள்". மெயில்.

விசாவில் "பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவிகள்) கிடையாது" என்று இருப்பதால் கவுன்சிலைக் கூப்பிட்டால் விசா போய்விடும் என்று ஒரு பேச்சு நம்மிடையே ஓடுகிறது. தவறு. பழுதைப் பார்க்க ஆய்வாளரை அழைப்பது அந்த உதவிகளின் பட்டியலிலேயே இல்லை.

"புகார் கொடுத்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்" என்ற பயத்துக்கு முன்பு காரணம் இருந்தது. காரணமே சொல்லாமல் வெளியேற்றும், 1988-ஆம் வருட ஹவுசிங் ஆக்டின் 21-ஆவது பிரிவு 2026 மே 1 முதல் தனியார் வாடகையில் இல்லை. இனி காரணம் காட்ட வேண்டும். விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்பதெல்லாம் காரணமாக வரலாம். அதற்கு நான்கு மாத நோட்டீஸ் வேண்டும், குடிவந்த முதல் வருடத்தில் முடியாது.

கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கில்லாத வீட்டு அமைப்பு) வீட்டிலோ இருந்தால் கணக்கு வேறு. கவுன்சில் வீட்டில், அக்டோபர் 31 முதல் மே 1 வரையான குளிர்காலத்தில் ஹீட்டிங்கோ வெந்நீரோ நின்றால் ஒரு வேலை நாளில் சரிசெய்ய வேண்டும், மற்ற காலத்தில் மூன்று. இது 250 பவுண்டுக்குள் முடியும் பழுதுக்கு. தவறினால், இன்னொரு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அவரும் தவறினால்தான் நஷ்டஈடு: 10 பவுண்ட், அதன்மேல் நாளுக்கு 2 பவுண்ட், உச்சம் 50. ஐம்பது பவுண்டுக்கு இத்தனை படி! அதுவும் நீங்கள் கேட்டால்தான். புகாருக்குப் பதில் சரியில்லை என்றால் அவர்களுடைய புகார் முறையின் இரண்டு கட்டமும் முடித்துவிட்டு ஹவுசிங் ஓம்புட்ஸ்மனிடம் (இந்த வீடுகள் பற்றிய புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு) போகலாம். முதல் கட்டத்திலேயே பலர் களைத்துவிடுகிறார்கள், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நீதிமன்றம் கடைசி. பழுதுச் செலவும் நஷ்டஈடும் தனித்தனியே 1,000 பவுண்டுக்குள் என்றால் சிறு வழக்குப் பிரிவு, வக்கீல் இல்லாமலே போகலாம். வீடு சரியாகி முடிந்த பிறகும் பொதுவாக ஆறு வருடம் வரை கேட்க வழியுண்டு. ஆகவே ஹீட்டர் ரசீதையும் கரண்ட் மீட்டர் படங்களையும் பாய்லர் ஓட ஆரம்பித்த சந்தோஷத்தில் அழித்துவிடாதீர்கள்.

அக்கா வீட்டுக்கு ஆள் வந்தது, கவுன்சில் கடிதத்தின் நகல் ஏஜென்டுக்குப் போன நான்காம் நாள். உள்ளே ஒரு வால்வு போயிருந்தது. நாற்பது நிமிட வேலை.