மொத்த வியாபாரிக்கு மென்பொருள் விற்கப் போகிறீர்களா?

சில்லறைக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் போனிலேயே சரக்கு ஆர்டர் போட உதவும் செயலிகளைச் சந்தைப்படுத்துவது என் தொழில். ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல், மளிகை மொத்தக் கடைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் விளம்பரத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "உங்கள் விற்பனையை இரட்டிப்பாக்குங்கள்." மொத்த வியாபாரிக்கு அதைப் படித்தால் சிரிப்புதான் வரும். தன்னிடம் சரக்கு எடுக்கும் கடைகள் எவை என்பது அவருக்கு மனப்பாடம். நின்றுபோன பாக்கி வசூலாக வேண்டும், மாற்றிப் போட்ட சரக்கு ரிட்டர்ன் வரக் கூடாது, அவர் கவலை அதுதான்.

சரி, முதலாளிக்குப் பிடித்துப்போய்ப் பணமும் கட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் சிக்கல். கடைக்காரரே செயலியில் ஆர்டர் போட்டுவிட்டால் தன் இன்சென்டிவ் என்ன ஆகும் என்று லைனுக்குப் போகும், அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேன் யோசிக்கிறார். வாய்விட்டுச் சொல்லமாட்டார். "கடைக்காரங்களுக்குப் புரியல சார், நெட்டும் எடுக்கல" என்பார். கொஞ்ச நாளில் ஆர்டரெல்லாம் பழையபடி வாட்ஸ்அப்புக்கே போய்விடும்.

கணக்குப் பார்ப்பவரின் பயம் வேறு. செயலியில் வரும் ஆர்டரை டேலி என்ற கணக்கு மென்பொருளில் மறுபடியும் அடிக்க வேண்டுமா? ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது, கட்டாயம். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் தப்பாக இருந்தால் பில் பதிவாகாது, வண்டி வாசலில் நிற்கும், திட்டு வாங்குவது கணக்குப் பார்ப்பவர்தான். முதலாளி வாங்கித் தரலாம், மென்பொருள் ஓடுமா படுத்துவிடுமா என்பது இந்த இரண்டு பேர் கையில்தான் இருக்கிறது.

அதனால் மாதிரித் தரவை வைத்து டெமோ காட்டாதீர்கள். அனுமதி வாங்கி, அவர்களுடைய ஏதாவது ஒரு பார்ட்டியின் (சரக்கு எடுக்கும் கடையின்) லெட்ஜரையே, அதாவது வரவு செலவுக் கணக்கையே ஏற்றி, அந்தப் பார்ட்டிக்குரிய விலையோடும் கடன் வரம்போடும் காட்டுங்கள். ஒரே பொருளை நாலு பார்ட்டிக்கு நாலு விலையில் கொடுப்பது இங்கே சகஜம். சில்லறை இணையக் கடைக்காக எழுதிய மென்பொருள்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆர்டரை யார் போட்டாலும் அந்த லைன் சேல்ஸ்மேன் கணக்கில் ஏறும் வசதி இருந்தால் விளம்பரத்தின் முதல் வரியாக அதைப் போடுங்கள். இல்லையென்றால், விளம்பரத்தை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

"என் கடை லிஸ்ட்டும் விலையும் யார் கைக்குப் போகும்?" என்று முதலாளிகள் கேட்பார்கள். பெரிய தளங்கள் கைக்குப் போய்விடுமோ என்ற பயம்தான், கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஜியோமார்ட், உடான் போன்ற மொத்த விற்பனைத் தளங்களுக்குத் தங்களைவிடக் குறைந்த விலையில் சரக்கு போகிறது என்று நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2021 இறுதியில் போர்க்கொடி தூக்கியது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. தரவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்தால் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

போன் நம்பர் பட்டியலை விலைக்கு வாங்கி மொத்தமாகச் செய்தி தட்டுகிற வேலை வேண்டாம். நாலு பேர் புகார் செய்தால் உங்கள் வாட்ஸ்அப் கணக்கே முடங்கலாம். எப்படியும் மொத்த வியாபாரி கேட்கப்போவது, "வேற யாரு யூஸ் பண்றாங்க?" என்றுதான். அதே தெருவில் இருக்கும் போட்டிக் கடையைச் சொல்லிவிடாதீர்கள், இவருக்கு அது பிடிக்காது, அவரும் நல்லதாகச் சொல்லப்போவதில்லை. வேறு ஊரில் இதே சரக்கு விற்கிறவரிடம் கேட்டுக்கொண்டு அவர் நம்பரைக் கொடுங்கள். முதலாளியின் நம்பரோடு அங்கே பில் போடுகிறவரின் நம்பரையும் சேர்த்து.