சாக்லேட் வேணாம், வெனிலா அலூடா பரவால்லயா?

"சாக்லேட் பக்கமே போறதில்ல மேடம், எப்பவாச்சும் ஒரு அலூடா, அதுவும் வெனிலாதான்." மொரிஷியஸ்ல டயட்டீஷியனா இருக்குற நான் சுகர் பேஷண்ட்ஸ்கிட்ட அடிக்கடி கேக்குறது இது. அலூடான்னா ஃபலூடா மாதிரி ஜில்லுன்னு குடிக்கிற இனிப்புப் பால். இங்க பெரியவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு சுகர், அதனால கேட்டுட்டு சும்மா இருக்க முடியல.

சாக்லேட்னா ஆபத்து, வெனிலா சாது, பாதாம்னா சத்து, ஸ்ட்ராபெரினா பழம்னு நாமளா முடிவு பண்ணி வெச்சிருக்கோம். போர்ட் லூயிஸ் மார்க்கெட்ல அலூடா போடுறத நின்னு பாருங்க, பால், அகர் அகர் ஜெல்லி, சப்ஜா விதை எல்லா கிளாஸ்லயும் ஒண்ணுதான், மாறுறது சிரப், அதுலயும் கலரும் எசென்ஸும்தான் மாறுது, சர்க்கரை அப்படியே இருக்கு. பாதாம் எசென்ஸ்ல பாதாம் இருக்கணும்னே இல்ல, அந்த வாசனைய குடுக்குறது பென்ஸால்டிஹைட்ங்கிற ஒரு ரசாயனம்.

போன மாசம் வந்த ஒரு அம்மாவ மூக்க இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லி பிங்க் சிரப் கால் ஸ்பூன், அப்புறம் பாதாம் கால் ஸ்பூன் குடுத்தேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, வெறும் சர்க்கரத் தண்ணி"ன்னாங்க. கைய எடுத்ததும் கண்ணு விரிஞ்சிடுச்சு, "அட, இது பாதாம்!" இந்த சிரப்ல நாக்குக்குத் தெரியுறது இனிப்பு மட்டும்தான், மத்ததெல்லாம் தொண்டை வழியா மூக்குக்குப் போற வாசனை.

கொக்கோ உண்மையில கசப்பு. 70 சதவீத டார்க் சாக்லேட் 20 கிராம்ல சர்க்கரை சுமார் 6 கிராம்தான், ஆனா ஒரு டேபிள்ஸ்பூன் சிரப்லயே 10 கிராமுக்கு மேல வந்துடும், கடைக்காரர் ஒரு ஸ்பூனோட நிறுத்துறதும் இல்ல. சேர்க்குற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போதாததுக்கு ஐஸ் வேற, ஜில்லுன்னு இருந்தா நாக்குக்கு இனிப்பு கம்மியாத் தெரியும், அதனால இன்னும் கொஞ்சம் ஊத்துவாங்க. உருகின ஐஸ்கிரீம் திகட்டுறது அதனாலதான்.

வெனிலாவ நான் வேணாம்னு சொல்லல. பக்கத்து ரீயூனியன் தீவுல 1841ல எட்மண்ட் அல்பியஸ்ங்கிற 12 வயசு அடிமைப் பையன் ஒரு குச்சிய வெச்சு வெனிலாப் பூவுல கையாலேயே மகரந்தம் சேர்க்கிற வழிய கண்டுபிடிச்சான், அந்தப் பையனோட கைவேலையாலதான் நம்ம பக்கம் வெனிலா காய்க்குது. இனிப்புப் பண்டத்துலயே பழகின வாசனைங்கிறதால வெனிலா மணந்தாலே நமக்கு இனிப்பு அதிகமாத் தெரியும், ஏலக்காயும் அப்படித்தான். அப்போ வாசனைய ஏத்திட்டு சர்க்கரைய இறக்கலாம்ல?

அந்த அம்மாகிட்ட அதத்தான் சொன்னேன். வீட்டு விசேஷத்துக்கு ஏழு கறி சமைச்சப்ப பாயசத்துக்கு எப்பவும் போடுற சர்க்கரையில பாதிதான் போட்டாங்களாம், ஒரு வெனிலா காய கீறிப் போட்டு ஏலக்காய கூட்டி வெதுவெதுன்னு பரிமாறியிருக்காங்க. இலையில உக்காந்த யாருமே இனிப்பு பத்தலன்னு சொல்லலையாம், பெரிய மச்சான் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டாராம்.