முற்றா நிலக்கரியா, குறையுக்கலா?

உயர்தரப் புவியியல் படிக்கும் பக்கத்து வளவுப் பிள்ளை சென்ற வாரம் தன் குறிப்புக் கொப்பியோடு வந்து, "மாமா, இந்த முற்றா நிலக்கரி நிலங்களை எப்ப தோண்டி எடுப்பினம்?" என்று கேட்டாள். கொப்பியில் இருந்தது, "முற்றா நிலக்கரி நிலங்களின் குழப்பம் காபன் வட்டத்தைப் பாதிக்கும்" என்ற வாக்கியம். பிழை பிள்ளையில் இல்லை. அந்தச் சொல் எழுப்பும் கேள்வியைத்தான் அவள் கேட்டாள்.

முற்றா நிலக்கரி என்று பெயர்த்தெழுதப்படும் இப்பொருளுக்கு ஆங்கிலத்தில் பீற் (peat) என்று பெயர். அப்பெயர், ஸ்கொட்லாந்தின் பழைய இலத்தீன் ஆவணங்களில் வரும் 'பேட்டா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அடுப்பெரிக்க வெட்டியெடுத்த துண்டு என்பது அதன் பொருள். பொருளோ, நீர் தேங்கி ஒட்சிசன் புகாத இடத்தில் செடிகொடிகள் முழுதும் உக்காமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் படிந்து சேர்வது.

'முற்றா' என்றால் இனி முற்றும் என்றுதான் காது கேட்கும். நிலக்கரியாவதே அதன் கதி, எரிப்பதே அதன் பயன் என்று அச்சொல் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதமளவே உள்ள இந்நிலங்கள், காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிக காபனைத் தாங்கி நிற்கின்றன. அந்தக் காபனைக் காப்பது தேங்கிய நீர். 'நிலக்கரி' என்ற சொல்லில் அந்த நீருக்கு இடமே இல்லை. மாறாகச் 'சதுப்பு நிலம்' என்று எழுதுவோர் நீரை மட்டும் பிடித்துக்கொண்டு படிவை விட்டுவிடுகிறார்கள்; நம் கடனீரேரிக் கரைச் சேறும் சதுப்புத்தான், ஆனால் சதுப்பெல்லாம் பீற் ஆகாது. தமிழகத்தார் ஆளும் 'மட்கு' நல்ல சொல்லாயினும் முழுதும் உக்கி மண்ணானதையே குறிக்கும்.

நம்மிடம் 'உக்குதல்' இருக்கிறது. உக்கும் கழிவு, உக்காத கழிவு என்று குப்பைத் தொட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறோம். கரைச் சேற்றில் புதைத்து ஊறவைத்த தேங்காய் மட்டையை மாதக்கணக்கின் பின் எடுத்துப் பிரித்தால் தும்பு இழையிழையாக உறுதியாய் வரும். அதே மட்டை வேலியோரத்தில் காற்றும் மழையும் பட்டுக் கிடந்தால் காலப்போக்கில் உக்கிக் கையில் உதிரும். ஆகவே குறையாக உக்கியதைக் 'குறையுக்கல்' என்றும், அது படிந்த நிலத்தைக் 'குறையுக்கல் நிலம்' என்றும் சொல்வதே தெளிவு.

அந்தக் கொப்பி வாக்கியத்தில் வரும் 'குழப்பம்' இன்னும் மோசம். யாழ்ப்பாணத்தில் குழப்பம் என்றால் ஊரடங்குதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது குலைவு. வாய்க்கால் வெட்டியதும் நீர்மட்டம் இறங்குகிறது, காற்றுப் புகுகிறது, நுண்ணுயிர்கள் விட்ட வேலையைத் தொடர்ந்து காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. நீர் நிறைந்திருந்தபோது வெளியேறிய மெதேன் குறையும் என்பது உண்மை. ஆயினும் நீண்டகாலக் கணக்கில் இழப்பே மிஞ்சும். கடுமையாகக் காய்ந்த குறையுக்கல் பின்னர் மழையையும் எளிதில் உறிஞ்சாது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற குறையுக்கல் நிலத்தில் 1851 இல் தரைமட்டம் வரை இறக்கிய இரும்புத் தூண் இன்று ஏறத்தாழ 4 மீற்றர் வெளியே நிற்கிறது; நீர் வடிந்த நிலம் அவ்வளவு தாழ்ந்துவிட்டது. இந்தோனேசியாவின் கலிமந்தானில் 1996 இல் நெல்லுக்கென வாய்க்கால் வெட்டிய குறையுக்கல் நிலம் மறு ஆண்டே தீப்பற்றி எரிந்தது. இதையெல்லாம் 'குழப்பம்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், அகராதியைப் பார்த்தாரே தவிர நிலத்தை நினைக்கவில்லை.

பூங்கன்றுக் கடைகளில் 'கோகோபீற்' என்று விற்பதும் பீற் அல்ல. அதற்குத் தும்புத்தூள் என்ற பெயர் முன்பே உண்டு.